ஆர்தர் மன்னரும் நைட்டுகளின் வீரநெறியும்: கேள்வி பதில்

கேள்வி: ஆர்தர் என்ற மன்னர் உண்மையிலேயே வாழ்ந்தாரா?

பதில்: மன்னராக வாழ்ந்தார் என்பதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. ரோமானியப் படை பிரிட்டனை விட்டு நீங்கிய பிறகு, குடியேறி வந்த சாக்சன்களைப் பிரிட்டானியர் எதிர்த்துப் போரிட்டது உண்மை. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி பேடன் குன்றில் பிரிட்டானியர் பெற்ற பெருவெற்றியைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் பெயர் சொல்லிப் புகழும் தலைவர் அம்புரோசியஸ் அவுரேலியானஸ், ஆர்தர் அல்லர். 731இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவியும் ஆர்தரைக் குறிப்பிடவில்லை. சுமார் 829இல் தொகுக்கப்பட்ட ‘பிரிட்டானியர் வரலாறு’ என்ற லத்தீன் நூலில்தான் அவர் மன்னர்களோடு சேர்ந்து பன்னிரண்டு போர்களை நடத்திய படைத்தலைவராக வருகிறார். பேடனில் ஒரே நாளில், ஒரே பாய்ச்சலில் அவர் கையால் 960 பேர் மாண்டார்களாம்! பரணி பாடும் புலவரின் கணக்காக அதை ரசிக்கலாமே தவிர, வரலாறாகக் கொள்ள இயலாது.

கேள்வி: வேல்ஸ் நாட்டு ஆண்டுக்குறிப்புகளில் அவர் இறந்த ஆண்டே இருக்கிறதே, அது போதாதா?

பதில்: 537ஆம் ஆண்டுக்கு நேராக, கேம்லான் போரில் ஆர்தரும் மெட்ராட் என்பவரும் வீழ்ந்தனர் என்ற வரி இருப்பது உண்மைதான். ஆனால் அக்குறிப்புகள் தொகுக்கப்பட்டது பத்தாம் நூற்றாண்டில். மேலும் அந்த வரியை நிதானமாகப் படித்தால், இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்டதாக அதில் ஒரு சொல்கூட இல்லை என்பது தெரியும். மெட்ராட்டை மோர்ட்ரெட் என்ற துரோகியாக்கி, ஆர்தருக்கு எதிரே நிறுத்தியது பின்வந்தவர்களின் கைவண்ணம்.

கேள்வி: அப்படியானால் மாயக்காரர் மெர்லின், வட்டமேசை, ஆர்தரின் அரசவை ஊரான கேம்லாட், புனிதக் கிண்ணம் இவையெல்லாம் யாருடைய படைப்பு?

பதில்: ஒருவருடையது அன்று. ஒவ்வொன்றும் கதையில் நுழைந்த காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள சுவை. சுமார் 1136இல் மான்மவுத் ஊர் ஜெஃப்ரி என்ற மதகுரு, பிரிட்டன் மன்னர்களின் வரலாறு என்ற பெயரில் எழுதிய லத்தீன் நூலே ஆர்தரை ஐரோப்பாவை நடுங்கச் செய்த பேரரசராக்கியது. மெர்லினின் மாயத்தால் டின்டாஜெல் கோட்டையில் ஆர்தர் கருவான கதையும் அதில்தான் வருகிறது. அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே நியூபர்க் ஊர் வில்லியம் என்ற துறவி அதனை வெறும் பொய் மூட்டை என்று சாடினார். வாசகர்கள் பொருட்படுத்தவில்லை, இருநூறுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் இன்றும் எஞ்சியுள்ளன.

1155இல் அதைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கிய வாஸ், தத்தம் இருக்கையே உயர்ந்தது என்று பிரபுக்கள் சச்சரவிடாதிருக்க ஆர்தர் வட்டமேசையைச் செய்வித்தார் என்று சேர்த்தார். அடுத்து வந்த கிரெத்தியென் த த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர், ஆர்தரின் அரசி கினிவரைக் காதலிக்கும் வீரன் லான்ஸலாட்டின் கதையைப் பாடியபோது கேம்லாட் என்ற ஊர்ப்பெயரையும் கொண்டுவந்தார். அவர் முடிக்காமல் விட்ட கடைசிக் காவியத்தில் ‘கிரேல்’ என்பது விருந்து மண்டபத்தின் வழியே ஒரு பெண் ஏந்திச் செல்லும் பாத்திரம் மட்டுமே. அது யாருக்காக என்று கேட்க வேண்டிய கதைநாயகன் பெர்சிவல், அதிகம் பேசுவது அழகன்று என்று கற்பிக்கப்பட்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்து காரியத்தைக் கெடுத்துவிடுகிறான். அப்பாத்திரத்தை இயேசுவின் இறுதி இராவுணவுக் கிண்ணமாக்கியவர் 1200ஐ ஒட்டி எழுதிய ரொபேர் த போரோன். கல்லின் மேலிருந்த பட்டறைக்கல்லில் செருகிய வாளும் அவர் தந்ததே.

கேள்வி: இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்தில் ஆர்தரின் கல்லறை கண்டெடுக்கப்பட்டது உண்மையா?

பதில்: 1191ஐ ஒட்டி அங்குள்ள துறவிகள் எலும்புகளையும், ஆர்தரின் பெயர் பொறித்த ஈயச் சிலுவையையும் தோண்டியெடுத்ததாக அறிவித்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1184இல், அம்மடம் தீக்கிரையாகியிருந்தது. திருப்பணிக்கு யாத்திரிகர்களின் காணிக்கை தேவைப்பட்டது. ஆர்தர் இறக்கவில்லை, ஒருநாள் திரும்பி வருவார் என்று நம்பிய வேல்ஸ் மக்களை அடக்க விரும்பிய ஆங்கில அரசர்களுக்கும் ஆர்தரின் எலும்புகள் வசதியாகவே அமைந்தன. வேல்ஸ் மீது படையெடுத்த முதலாம் எட்வர்ட், 1278இல் தாமே நேரில் வந்து அவற்றைப் பெரிய பீடத்தின் முன் மறு அடக்கம் செய்வித்தார்.

கேள்வி: இங்கிலாந்தின் வின்செஸ்டரில் தொங்கும் வட்டமேசை ஆர்தருடையதா?

பதில்: ஓக் மரத்தாலானது, குறுக்களவு சுமார் 5.5 மீட்டர். மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில் அது பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனத் தெரியவந்தது. இன்று அதன்மேல் காணப்படும் ஓவியம் பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தது. நைட்டுகள் எனப்படும் குதிரைவீரர்கள் 24 பேரின் பெயர்களுக்கு மேலே வீற்றிருக்கும் ஆர்தரின் முகம் ஹென்றியின் சாயலில் இருப்பதாகப் பலரும் கருதுகின்றனர்.

கேள்வி: நைட்டுகள் கதைகளில் வருவதுபோல் எளியோரைக் காத்தார்களா?

பதில்: காக்கும்படி வற்புறுத்தப்பட்டார்கள் என்பதே பொருந்தும். 989இல் பிரான்சின் ஷாரூவில் கூடிய திருச்சபை மன்றம், ஏழைகளின் ஆடுமாடுகளைக் கொள்ளையிடுவோரைச் சபித்தது. கொள்ளை வழக்கமாயிருந்ததால்தான் அத்தகைய சாபம் தேவைப்பட்டது. வீரநெறி பெரும்பாலும் தமக்குச் சமமானோரிடையே கைக்கொள்ளப்பட்ட மரியாதை. அதற்குள் பணமும் இருந்தது. 1356இல் புவாத்தியே போரில் சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானுக்கு, கறுப்பு இளவரசர் எனப்படும் ஆங்கில இளவரசர் எட்வர்ட் தாமே அருகில் நின்று உணவு பரிமாறினார் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஃபுருவாசார் எழுதுகிறார். அந்த மன்னருக்குப் பிற்பாடு விதிக்கப்பட்ட மீட்புத்தொகை முப்பது லட்சம் பொற்காசுகள். அதே இளவரசரின் படை முந்தைய ஆண்டில்தான் தென் பிரான்சின் ஊர்களை வரிசையாக எரித்துக்கொண்டு சென்றிருந்தது. அவ்வூர்க் குடியானவர்களுக்கு யாரும் உணவு பரிமாறவில்லை.

கேள்வி: இக்கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்த மாலரி ஒரு கைதியாமே?

பதில்: ஆம். நூலை 1469–70இல் முடித்தபோது, தம் விடுதலைக்காக இறைவனிடம் வேண்டுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறார். பெரும்பாலான அறிஞர்கள் அடையாளம் காணும் நியூபோல்ட் ரெவல் ஊர் சர் தாமஸ் மாலரி மீது கொள்ளை, பாலியல் வன்முறை ஆகியவை உட்பட நீண்ட குற்றப்பட்டியலே இருந்தது. அந்த மாலரியின் வட்டமேசை வீரர்கள்தாம், பெண்களுக்குத் தீங்கிழைக்க மாட்டோம் என்று ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திருநாளில் உறுதிமொழி எடுக்கிறார்கள். காக்ஸ்டன் அந்நூலை அச்சிட்ட 1485ஆம் ஆண்டில் ஆசிரியர் உயிரோடில்லை.