கிரேக்கத்தின் சாண்டோரினி தீவுக்குப் போகும்போது கிரீட் தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? கூட வரும் அம்மா சுத்த சைவம், சமாளிக்க முடியுமா?

ஒரே நாளில் முடியாது. இதே கேள்விக்காக என் மச்சான் குடும்ப வாட்ஸ்அப்பில் என்னோடு சண்டையே போட்டிருக்கிறான், அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

கிரீட் 260 கிலோமீட்டர் நீளம். அங்குள்ள ஹெராக்லியோன் நகரிலிருந்து ஹனியா நகருக்குப் பேருந்தில் போகவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாண்டோரினியிலிருந்து வரும் வேகப்படகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காற்று பலமாக அடித்தால் கோடையிலும் ரத்தாகும். ஒரு நாள்தான் என்று பிடிவாதம் பிடித்தால் நோசோஸ் என்ற பழங்கால அரண்மனை, ஹெராக்லியோன் அருங்காட்சியகம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மா சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். முட்டைகூடத் தொடாத என் அம்மா, ஜெர்மனியில் என் வீட்டுச் சமையலைத் தாண்டி எதையும் நம்ப மாட்டார். ஹனியாவில் ‘ஹோர்தா’ வந்தது. காட்டுக்கீரையை வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டது, அவ்வளவுதான். இன்னொரு தட்டு வாங்கச் சொன்னார்! தக்காளிக்குள் அரிசி அடைத்த ‘யெமிஸ்தா’வும் பிடித்தது, ஆனால் அதில் கொத்துக்கறி கலப்பவர்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ‘நிஸ்திசிமோ’ என்றால் நோன்புச் சாப்பாடு. பால், முட்டை, இறைச்சி இருக்காது. கணவாய் மீன் இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள். பாலாடைக்கட்டியில் ரென்னெட் (கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்து, பாலைத் திரிக்கப் பயன்படுத்துவது) இருக்கிறதே என்று யாராவது கிளம்பி வருவார்கள். தெரியும் ஐயா, அம்மா அதைத் தொடவில்லை.

சமாரியா பள்ளத்தாக்குக்கு அம்மாவையும் கூட்டிப்போகலாம் என்றான் மச்சான். 16 கிலோமீட்டர், பெரும்பாலும் கல்லில் இறக்கம். முடிவில் வரும் ஆயியா ரூமெலி கிராமத்துக்குச் சாலையே கிடையாது, படகில்தான் வெளியேற வேண்டும். நான் விடவில்லை. தனியாகப் போனவன் மறுநாள் விடுதிப் படியில் பக்கவாட்டில் இறங்கினான். அப்போதே சொன்னேனே என்று அவனிடம் சொன்னதில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இதையெல்லாம்விடப் பெரிய கொடுமை அம்மாவுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) எடுத்தது. நேரம் பதியப் போனால் வாரக்கணக்கில் காலி இல்லை. தரகரிடம் பணம் கொடுத்தால் மட்டும் இந்த வாரமே கிடைக்கிறதாம், அது எங்கிருந்து முளைக்கிறது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வயிறு எரிகிறது.

சரி, கார் எடுப்பதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிவிடுங்கள். பாலோஸ் கடற்கரைக்குப் போகும் மண்சாலையில் வாடகைக் காரின் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. பக்கத்தில் உள்ள கிஸ்ஸாமோஸ் ஊரிலிருந்து படகு இருக்கிறது, அதில் போங்கள்.