பதில்: கடையில் வளர்த்த அக்கா மகனே வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டான்

சகோதரரே, கடையில் வளர்த்த அக்கா மகன் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போனதால், பைபிளில் நீதிமொழிகள் 17:13-ஐ அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "நன்மைக்குத் தீமை செய்கிறவன் எவனோ, அவன் வீட்டைவிட்டுத் தீமை நீங்காது" என்பதே அந்த வசனம். அப்படியென்றால் அவன் பிள்ளைகளுக்கும் சாபமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

2 நாளாகமம் 22 முதல் 24 வரை வாசியுங்கள். யூதாவின் ராஜமாதா அத்தாலியாள் அரச வம்சத்தையே வெட்டிச் சாய்த்தபோது, குழந்தை யோவாசை ஆசாரியன் யோய்தாவின் மனைவி ஒளித்துவைத்தாள். 6 வருடம் ஆலயத்துக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள். 7 வயதில் யோய்தா அவனுக்கு முடிசூட்டினான். அந்த யோய்தா இறந்தபின், தன்னைக் கண்டித்துப் பேசினான் என்பதற்காக யோய்தாவின் மகன் சகரியாவை யோவாஸ் கல்லெறிந்து கொல்லச் சொன்னான். அதுவும் ஆலயப் பிராகாரத்திலேயே! வருஷம் திரும்புவதற்குள் சீரியர் படை வந்தது. காயப்பட்டுக் கிடந்தவனைச் சொந்த ஊழியக்காரரே படுக்கையில் கொன்றார்கள். யோய்தாவை ராஜாக்களோடு அடக்கம்பண்ணினார்கள். ராஜாவான இவனுக்கு அந்தக் கல்லறையில் இடமில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு அடுத்த அதிகாரம் போதும். யோவாசின் மகன் அமத்சியா தகப்பனைக் கொன்றவர்களைக் கொன்றான், அவர்கள் பிள்ளைகளைத் தொடவில்லை. தகப்பன் குற்றத்துக்காகப் பிள்ளையைக் கொல்லக்கூடாது என்பது மோசேயின் சட்டம்.

வசனத்தை அனுப்பாதீர்கள். அது நம்மை எச்சரிக்க எழுதியது. அடுத்தவன் தலையில் போடும் கல் அல்ல. அக்காவிடம் நேரில் பேசுங்கள். பாக்கிப் பணம் இருந்தால் கணக்கை எழுதிக் கேளுங்கள், அதில் தப்பே இல்லை.