மீட்டர் எங்கிருந்து வந்தது? கேட்டதும் சொன்னதும்

மெட்ரிக் முறை பற்றி நண்பர்கள் கேட்டு வைத்த கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். நில அளவை வேலையில் வருஷக்கணக்கில் சங்கிலி இழுத்தவன் என்பதுதான் என் தகுதி.

கண்டுபிடித்தது யார் சார்? ஒரு பெயர் போதும், தேர்வுக்கு வேண்டும்.

ஒரு பெயரில் அடங்காது தம்பி. 1668-இல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ் ஊசலின் நீளத்தை அளவாக வைக்கலாம் என்றார். 1670-இல் பிரான்ஸின் லியோன் நகரப் பாதிரியார் கப்ரியேல் மூட்டோன், பூமியின் சுற்றளவிலிருந்தே ஓர் அளவை எடுத்துப் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம் என்றார். அரசு அதைக் கையில் எடுத்தது 1790-இல்தான். 'பிரெஞ்சுப் புரட்சிக் காலம்' என்று எழுதுங்கள்.

புரட்சி செய்கிறவர்களுக்கு அளவுகோலில் என்ன வேலை?

நிறைய. அன்றைய பிரான்ஸில் அளவின் பெயர் ஒன்றாக இருக்கும், ஊருக்கு ஊர் அளவு மாறும். தானியம் அளக்கும் மரக்கால் நிலப்பிரபுவின் கையில். குத்தகையை வாங்கும்போது குவித்து அளப்பது, கொடுக்கும்போது தலைதட்டி அளப்பது என்ற வித்தை அங்கேயும் உண்டு. 1789-இல் மக்கள் எழுதிக் கொடுத்த குறைப் பட்டியல்களில் 'நாடெங்கும் ஒரே அளவு வேண்டும்' என்பது திரும்பத் திரும்ப வருகிறது.

ஊசலை ஏன் விட்டார்கள்? அதுதானே சுலபம்?

பிரெஞ்சு தேசிய சபை உறுப்பினர் தாலேரான் 1790-இல் கேட்டதும் ஊசலைத்தான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் சுமார் 99.4 செ.மீ. ஆனால் அது இடத்துக்கு இடம் மாறும். பிரெஞ்சு வானியலாளர் ரிஷே 1672-இல் தென் அமெரிக்காவின் கயேனில் கடிகாரம் மெதுவாக ஓடுவதைக் கண்டு ஊசலைக் குறைக்க வேண்டியிருந்தது. எனவே 1791-இல் போர்டா, லாப்லாஸ் முதலிய விஞ்ஞானிகள் இருந்த குழு வேறு வழி சொன்னது: வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு. போர்டா வடிவமைத்த கோணமானிக்கும் இதில் நல்ல வேலை கிடைத்தது. எனக்கென்னவோ அந்த ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று படுகிறது.

துருவம் வரை போய் அளந்தார்களா?

இல்லை. பிரான்ஸின் வடக்கே டன்கர்க் முதல் ஸ்பெயினின் பார்சலோனா வரை மட்டும், பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவு. மீதி கணக்கு. 1792-இல் வானியலாளர்கள் இருவரில் டெலாம்பர் வடக்கையும் மெஷேன் தெற்கையும் எடுத்துக்கொண்டார்கள். தேவாலயக் கோபுரம், மலை உச்சி என்று முக்கோணம் முக்கோணமாகக் கோர்த்துக்கொண்டே போவது. தூரத்திலிருந்து தெரிய டெலாம்பர் கட்டிய வெள்ளைத் துணி, ஊராருக்கு அரச கட்சியின் கொடியாகத் தெரிந்தது. மனிதர் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் தைத்துச் சேர்த்து, புரட்சிக் கொடியின் நிறமாக்கிச் சமாளித்தார்!

மீட்டரே தப்பு என்கிறார்களே, உண்மையா அண்ணா?

0.2 மில்லிமீட்டர் குட்டை. பாவம், பழி மெஷேன் மேல் விழும். பார்சலோனாவில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் எடுத்த அட்சரேகைகள் ஒன்றுக்கொன்று 3 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) ஒத்துவரவில்லை. தரையில் அது கிட்டத்தட்ட 100 மீட்டர். வெளியே சொல்லாமல் மறைத்து வைத்தார், மனம் புழுங்கி மறுபடி அளக்கப் போனார், 1804-இல் ஸ்பெயினில் காய்ச்சலில் இறந்தார். அவர் தாள்களைப் பார்த்த பிறகுதான் டெலாம்பருக்கு விஷயம் தெரிந்தது. ஆனால் மீட்டர் குட்டையானதற்கு முக்கியக் காரணம் அவரல்ல. துருவங்களில் பூமி எவ்வளவு தட்டை என்று போட்ட மதிப்பு சரியில்லை. அதற்குள் 1799 ஜூன் 22-இல் பிளாட்டினக் கோல் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு 1889 வரை அந்தக் கோல்தான் மீட்டராக இருந்தது.

எடைக்கு மட்டும் ஏன் 'கிலோ' ஒட்டிய அடிப்படை அலகு?

1795 சட்டப்படி கிராம் என்பது ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை. அந்தப் பொடியளவில் நிலையான எடைக்கல் செய்வது கஷ்டம். ஆயிரம் மடங்கில் செய்தார்கள், பெயர் தங்கிவிட்டது.

மக்கள் உடனே ஏற்றார்களா?

எங்கே! 1812-இல் நெப்போலியன் பழைய பெயர்களைக் கடைக்குள் திரும்ப விட்டார். 1840 ஜனவரி 1 முதல்தான் மெட்ரிக் கட்டாயமானது. பாரிஸ் போனால் வோஜிரார் தெரு 36-ஆம் எண் கட்டடத்தைப் பாருங்கள்: மக்கள் பழகிக்கொள்ளச் சுவரில் பதித்த பளிங்கு மீட்டர் இன்னும் இருக்கிறது.