தமிழகத்தில் பாலைவனம் இல்லையே, பாலைத்திணை எப்படி வந்தது?
மணல்வெளியைத் தேடினால் கிடைக்காது. தொல்காப்பியமே பாலையை விட்டுவிட்டுத்தான் நிலத்தைப் பகுக்கிறது; நண்பகல், வேனில், பின்பனி என்று பொழுதுகளை மட்டும் அதற்குத் தருகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். ஆக, அது நிலத்துக்கு நேரும் ஒரு நிலை.

பொருள் தேடிச் செல்பவன் கடக்கும் வழி என்பதால் பிரிவு அதற்கு உரியதாயிற்று. அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைதான். புலவர்களுக்கு வறட்சி அவ்வளவு பிடித்திருக்கிறது! எனக்குப் பிடித்தது கலித்தொகையின் 11ஆம் பாட்டு. கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பெண்யானைக்கு ஊட்டிய பிறகே களிறு உண்கிறது. வாடிய பேடையின் வருத்தத்தை ஆண்புறா மென்சிறகால் ஆற்றுகிறது. வழியெல்லாம் இதைக் காண்பவர் திரும்பி வராமல் இருப்பாரா என்பது தலைவியின் கணக்கு.