திரும்பிப் போன காசு

தம்பிக்கு,

மாகாண சபைத் தேர்தலை நடத்தியே ஆக வேண்டும் என்று நீங்கள் எழுதியதை மகன் தொலைபேசியில் எடுத்துக் காட்டினான். நான் முல்லைத்தீவு மாவட்டம், மல்லாவிப் பக்கம். அரச உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 2013-ல் வட மாகாண சபைக்கு வெயிலில் வரிசையில் நின்று வாக்குப் போட்டோம். ஐந்து வருடம் தீர்மானம் நிறைவேற்றினார்கள், தங்களுக்குள் அடிபட்டார்கள், வந்த காசைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது ஆளுநரும் செயலாளர்களும் சத்தம் போடாமல் வேலை செய்கிறார்கள். வட்டுவாகல் பாலத்துக்குக் கொழும்பே நேரடியாகக் காசு ஒதுக்கிவிட்டது. பிறகு எதற்கு 38 பேருக்குச் சம்பளமும் வாகனமும்? அதோடு, கணக்குக் கேட்க வன்னியில் நாங்கள் என்ன வரியா கட்டுகிறோம்? கிடைப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். பேத்தியின் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போய் இரண்டு தவணை ஆகிவிட்டது. யாருக்கு எழுதினால் ஆள் வரும்? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர், மல்லாவி

ஐயாவுக்கு,

கோபம் ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதைத்தான் வன்னியில் பாதிப் பேர் தேநீர்க் கடையில் சொல்கிறார்கள். அதனால் பதிலையும் அந்தக் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

மல்லாவிச் சந்தியில் சீனி போட்டு ஒரு பிளேன்ரீ குடிக்கிறீர்கள். கடைக்காரர் பில் தருவதில்லை, வற் என்கிற பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவரும் இல்லை. ஆனால் அந்தச் சீனி துறைமுகத்தில் இறங்கும்போதே கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு எடுத்துவிடுகிறது. 2023 நவம்பரில் அந்தத் தொகை 50 ரூபாய் ஆனது. இறக்குமதிக்காரர் அதை விலையில் ஏற்றுவார், மொத்த வியாபாரி தன் பங்கை ஏற்றுவார், கடைசியில் உங்கள் கோப்பைக்குள் வந்து விழும். அடுப்பு எரிய எரிவாயு, பேரன் கேட்கிற கைத்தொலைபேசி, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், எல்லாவற்றுக்கும் 2024 ஜனவரி முதல் 18 வீத வற். வருமான வரி கட்டுவதற்கு மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் உழைக்க வேண்டும், அது நம்மூரில் சிலருக்குத்தான். அதை மட்டும் வரி என்று நினைப்பதால்தான் 'நாங்கள் என்ன வரி கட்டுகிறோம்' என்ற கேள்வி வருகிறது. இந்த நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பங்கு பொருளிலும் சேவையிலும் ஒளிந்து வருகிற வரி. மாதச் சம்பளத்தில் பாதியை வங்கியில் போடக்கூடியவர் அந்தப் பாதிக்கு வற் கட்டுவதில்லை. கைக்கு வருவதெல்லாம் கடைக்குப் போகிற குடும்பம் ஒவ்வொரு ரூபாயிலும் கட்டுகிறது. 2019 கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை விகிதம் 14.3 வீதம். முல்லைத்தீவில் 44.5 வீதம், எல்லா மாவட்டங்களிலும் அதிகம். அப்படியானால் தன் வரவோடு ஒப்பிட்டால் கூடுதலாக வரி கட்டுகிற மாவட்டம் எது என்று நீங்களே யோசியுங்கள்.

சீனியை விடுவதற்கு முன் ஒன்று. 2020 அக்டோபரில் இதே வரியை 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கினார்கள். மல்லாவியில் சீனி விலை 50 ரூபாய் இறங்கியதாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கில்லை. வித்தியாசம் இறக்குமதிக்காரர்களின் பையில் நின்றுவிட்டது. அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்னர், 2019 டிசம்பரில், வற்றை 15 வீதத்திலிருந்து 8 ஆக்கி, வேறு வரிகளையும் வெட்டினார்கள். நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் கைவிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெட்டின ஆதாயம் போன இடம் ஒன்று, பிறகு 18 வீதம் வந்து விழுந்த இடம் இன்னொன்று.

அந்த 2019 டிசம்பரில் நம் மாகாணத்துக்கு நேரடியாக ஒன்று நடந்தது, அதை அநேகமாக யாரும் பேசுவதில்லை. முன்பு மாகாணங்கள் தாங்களே வியாபாரப் புரள்வு வரி அறவிட்டன. 2011-ல் அதை எடுத்துவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். சரி, ஏதோ ஒன்று. 2019 டிசம்பரில் அந்த வரியையே ஒழித்தார்கள். பங்கும் போயிற்று. இப்போது மாகாணத்துக்கென்று மிஞ்சியவை முத்திரை வரி, வாகன வரிப் பத்திரக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் போன்ற சில்லறைகள்தான். சம்பளம் முதல் சுண்ணக்கட்டி வரை மற்றதெல்லாம் திறைசேரியைப் பார்த்துக் கையேந்த வேண்டும்.

அப்புறம் திரும்பிப் போன காசு. நீங்கள் அரச உத்தியோகம் பார்த்தவர், ஒதுக்கீடு என்பது வேறு, கட்டுநிதி என்பது வேறு என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வீதிக்கு ஒரு தொகை எழுதியிருக்கும். அது காகிதம். திறைசேரி கட்டுநிதியை விடுவித்தால்தான் கணக்காளர் காசோலை எழுதலாம். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மதிப்பீடு, கேள்விப்பத்திரம், ஒப்பந்தம் என்று சித்திரை வைகாசி போய்விடும். பிறகு கட்டுநிதி துண்டு துண்டாக வரும், பெரிய துண்டு வருடக் கடைசியில். கொழும்பிலிருந்து பார்த்தால் ஒக்டோபர் வேலை செய்யக்கூடிய மாதம். வன்னியில் அப்போது மாரி தொடங்கிவிடும்.

கார்த்திகை மழைக்குள் கிரவல் பறிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரிப்பர் வந்து கொட்டும், ரோலர் ஓட முடியாமல் நிற்கும், இரவு மழைக்குக் கிரவல் பாதி வாய்க்காலுக்குள் போய்விடும். ஒப்பந்தகாரர் விட்டுவிட்டுப் போனால் வேலை முடியவில்லை, டிசம்பர் 31-ல் ஒதுக்கீடு காலாவதி. அவர் மழைக்குள்ளேயே செய்து முடித்தால் பில் பாஸாகும், தை மாதம் வீதி பழையபடி. முதல் வகைக்குப் பெயர் 'காசு திரும்பிப் போனது'. இரண்டாவது வகைக்குப் பெயர் 'நூறு வீத நிதி முன்னேற்றம்'. எது ஊருக்கு நல்லது என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். திரும்பிப் போனதாகச் சொல்லப்படுவதில் ஒரு பகுதி ஒருபோதும் வந்து சேராத காசு. எழுத்தில் மட்டும் இருந்து எழுத்திலேயே கழிந்தது.

இதைச் சொல்வதால் 2013 சபையை நான் தலையில் தூக்கி வைக்கிறேன் என்று எடுக்க வேண்டாம். மதிப்பீடு தயாரிப்பதில் சுணங்கிய திணைக்களங்களை அமைச்சர்கள் பிடித்து உலுப்பவில்லை. நியதிச் சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஆக்க வேண்டிய நேரத்தைத் தீர்மானங்களுக்குக் கொடுத்தார்கள். 2017 ஜூனில் தங்கள் முதலமைச்சருக்கு எதிராகத் தாங்களே ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுபோய்க் கொடுத்த கூத்தும் நடந்தது. வறட்சியில் மாடு செத்துக்கொண்டிருந்த காலம் அது. இதெல்லாம் உண்மை. ஆனால் நிதி சம்பந்தமான எந்த நியதிச் சட்டத்தையும் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது என்று 1987-ன் மாகாண சபைகள் சட்டம் சொல்வதும் உண்மை. சபை செய்யாததையும் சபையைச் செய்ய விடாததையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். அவிழ்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வட்டுவாகலைப் பற்றி. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பாலத்துக்கு 1000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள், நல்ல காரியம், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் அது மாகாண சபை தேவையில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. பரந்தன்–முல்லைத்தீவு வீதி ஏ35. ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சபை இருந்திருந்தாலும் அந்தப் பாலத்தில் ஒரு கல்லைத் தொட முடியாது. கொழும்பு செய்தது தன் வேலையை.

யார் எதற்குப் பொறுப்பு என்பதில்தான் நம் ஆட்கள் அலைக்கழிகிறார்கள். ஐயன்கன்குளத்திலிருந்து ஒரு ஆச்சி மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறார் என்று வையுங்கள். வீட்டு ஒழுங்கை பிரதேச சபையுடையது. அது ஏறுகிற உள்வீதி மாகாணத்தின் சி, டி தரமாக இருக்கும். மாங்குளத்தில் இறங்கி மாறி முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34 கொழும்பினுடையது. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் கொழும்பு, தனியார் பஸ்ஸின் வழித்தட அனுமதி மாகாணம். வைத்தியசாலை மாகாணத்தின் கீழ், அங்கே இருக்கிற டொக்டரை நியமிப்பது மத்திய சுகாதார அமைச்சு, மருந்து வருவதும் கொழும்புக் களஞ்சியத்திலிருந்து. பஸ் பிந்தி, கிளினிக் முடிந்து, மருந்து 'வெளியில் எடுங்கோ' என்று துண்டு கொடுத்தால் ஆச்சி யாரை ஏசுவார்? பக்கத்தில் நிற்கிற தாதியைத்தான். தாதியால் இதில் ஒன்றுமே செய்ய முடியாது.

ஆளுநர் சத்தமில்லாமல் வேலை செய்கிறார் என்றீர்கள். தனிப்பட்ட எந்த ஆளுநர் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை. எனக்குப் பிரச்சினை அந்தச் சத்தமின்மைதான். வவுனிக்குளத்தில் சிறுபோகக் கூட்டம் நடக்கும்போது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பது வருகிற எல்லோருக்கும் தெரியும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று நேருக்கு நேர் சண்டை பிடிப்பார்கள், சிலர் கோபித்து எழும்பிப் போவார்கள், ஆனால் முடிவு எல்லோர் முன்னாலும் எடுபடும். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்த பிறகு வட மாகாணத்தின் காசு எத்தனை அடி நிற்கிறது, எந்த வாய்க்காலைத் திறப்பது என்று அப்படி ஒரு கூட்டம் நடக்கவில்லை. ஆளுநர் கையெழுத்து வைக்கிறார், ஆண்டு ஓடுகிறது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறதே என்பீர்கள். யூடியூப்பில் பார்க்கிறோம். ஒரு மதகைப் பற்றி ஒரு அதிகாரியை நிற்கவைத்துக் கத்துவார்கள். மாகாண வரவு செலவுத் திட்டத்தை நிராகரிக்க அங்கே யாருக்கும் வாக்கு இல்லை.

இதில் வன்னிக்குத் தனியாக ஒரு நட்டம் இருக்கிறது. 2013 சபையில் போனஸ் ஆசனம் இரண்டையும் விட்டால் 36 பேர். யாழ்ப்பாணத்துக்கு 16. வவுனியாவுக்கு 6, மன்னாருக்கு 5, முல்லைத்தீவுக்கு 5, கிளிநொச்சிக்கு 4. கூட்டினால் 20. சனத்தொகையில் யாழ்ப்பாணம் பெரிது, ஆசனத்தில் நாங்கள் பெரிது. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 பேர், கிளிநொச்சியோ யாழ்ப்பாணத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. அந்த 20 பேர் கட்சி மறந்து ஒன்றாக எழுந்து, ஆசிரியர் பங்கீட்டைச் சரிசெய்யாமல் இந்த வரவு செலவுத் திட்டம் நிறைவேறாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த 20 பேரிடம் நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

காசு கொடுப்பவர் யாரோ அவரே தீர்மானிக்கிறார் என்பதற்கு நம் கண்முன்னால் ஒரு உதாரணம் நடந்தது. முன்பள்ளி மாகாணத்துக்குரிய விடயம். ஆனால் போருக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் சேர்க்கப்பட்டார்கள். மாகாணத்தின் கீழ் இருந்த ஆசிரியைக்குக் கிடைத்த கொடுப்பனவைவிட அவர்களின் சம்பளம் பல மடங்கு. ஒரே ஊரில் இரண்டு முன்பள்ளி. ஒருவர் சேலையில் வருவார், கொடுப்பனவு பஸ்ஸுக்கும் போதாது. மற்றவர் திணைக்களத்தின் சீருடையில். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். புருசன் இல்லாத வீட்டுக்கு ஒழுங்கான சம்பளம் வருகிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கேட்க வேண்டியது இதுதான்: மூன்று வயதுப் பிள்ளைக்கு 'அ' எழுதக் காட்டுகிறவருக்கு மாகாணக் கல்வியில் இல்லாத காசு பாதுகாப்புத் தலைப்பில் எப்படி இருந்தது? அதைச் சபையில் எழுந்து கேட்க வருடாவருடம் ஒரு ஆள் வேண்டும்.

தேர்தல் ஏன் வரவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் தேர்தல் முறையை மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. அதன்பின் ஜனாதிபதிகள் மாறிவிட்டார்கள், அந்த முடிச்சு அப்படியே கிடக்கிறது. பழைய முறைக்கே திரும்ப ஒரு சிறு திருத்தச் சட்டம் போதும். 38 பேரின் சம்பளம் பெரிதாகத் தெரிகிறது உங்களுக்கு. ஆளுநர் செயலகமும் நம் சீனிக் காசில்தான் ஓடுகிறது, அதற்கு நாம் வாக்கே போடவில்லை.

இனிப் பேத்தியின் கணித ஆசிரியர். துணுக்காய் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள், பிரதியை மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கு அனுப்புங்கள். வேண்டுகோள் கடிதம் கோப்புக்குள் தூங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் கூடவே 2016-ன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட கணித ஆளணி எத்தனை, கடமையில் எத்தனை பேர், போனவர் எந்தத் திகதியில் விடுவிக்கப்பட்டார், பதில் ஆள் இல்லாமல் விடுவிக்க அனுமதித்த கடிதத்தின் பிரதி, வலயத்தில் மேலதிகமாகக் கணித ஆசிரியர் இருக்கிற பள்ளிக்கூடங்கள் எவை. இவ்வளவும் கேளுங்கள், வேறு கதை வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் வந்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் மறைத்து இங்கேயே போடுகிறேன்.