இளம் ஆசிரியை நாயகியான காதல் நகைச்சுவை நாவல் நடுவில் ஏன் தொய்கிறது?

நாயகி புது டீச்சர், முதல் ஐந்து அத்தியாயம் கலகலப்பு, அப்புறம் கதை படுத்துவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: வகுப்பறை ஒரு தண்டவாளத்திலும் காதல் இன்னொன்றிலும் ஓடுகின்றன. வகுப்பில் நடக்கும் ஒவ்வொரு சொதப்பலும் காதலர் இருவருக்கிடையே எதையாவது மாற்ற வேண்டும்.

உதாரணமாக, 40 நிமிடப் பாடம் 15 நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. மீதியை ஒப்பேற்ற அவள் அளந்துவிடும் கதையை, பாடத்தைக் கவனிக்க வந்த சக ஆசிரியர் (இவர்தான் நாயகன்) கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். அவள் வேலை நிரந்தரமாவது அவர் தரும் அறிக்கையைப் பொறுத்தது என்றால் சிரிப்பு, பயம், ஈர்ப்பு மூன்றும் ஒரே காட்சியில் கிடைத்துவிடும்.

அவளுக்கு வகுப்பை அடக்கத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது. அதை வாசகர் மன்னிப்பதில்லை. மாணவர்களில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் முகம் கொடுங்கள், ஆளுக்கொரு சொந்த ஆசையோடு. எல்லோருமே காதலுக்குத் தூது போகும் குட்டி ஞானிகள் என்றால் (இது எக்கச்சக்கமாக நடக்கிறது) சலித்துவிடும்.

அதிகம் சறுக்கும் இடம், கதையின் முக்கால்வாசியில் வரும் காதலர் பிரிவு. ஒரே போன் காலில் தீரக்கூடிய தவறான புரிதலை வைக்காதீர்கள். அறிக்கையில் அவர் உண்மையையே எழுதியிருக்கட்டும். அதைப் பேசித் தீர்க்க முடியாது. யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.