கத்தி ஆண்டுமலரும் நம்ம பட்டறை அரிவாளும்: கேள்வி பதில்

அமெரிக்காவிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக வரும் ‘நைவ்ஸ்’ என்ற கத்தி மலரைப் பற்றியும் கைவேலைக் கத்திகளைப் பற்றியும் டெல்டா நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கும்பகோணம் வாசகர்: அந்த மலரில் அப்படி என்னதான் சார் இருக்கிறது? வெறும் படப் புத்தகம் மாதிரி தெரிகிறதே?

படம்தான் அதிகம், மறுக்கவில்லை. 1981இல் கென் வார்னர் ஆசிரியராக இருந்து தொடங்கியது. பிறகு பல ஆண்டுகள் ஜோ கெர்ட்ஸ்மேன் பார்த்துக்கொண்டார். நம்மூர் தீபாவளி மலர் போல ஆண்டுக்கு ஒன்றுதான். முன்னால் கொஞ்சம் கட்டுரைகள், நடுவில் பக்கம் பக்கமாகக் கத்திப் படங்கள். எல்லோரும் அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். நான் முதலில் திருப்புவது கடைசிப் பகுதியை. கத்தி செய்பவர்களின் பட்டியல் அங்கே அகர வரிசையில் இருக்கும். ஆளின் பெயர், ஊர், என்ன வகைக் கத்தி, எந்த எஃகு, உலையில் அடித்துச் செய்கிறாரா பட்டையை ராவிச் செய்கிறாரா, என்ன விலை, கத்தியில் என்ன முத்திரை என்று நாலைந்து வரியில் முடித்துவிடுவார்கள். படம் கண்ணுக்கு, பட்டியல் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு.

மாயவரம் வாசகர்: சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஜே.எஸ்., எம்.எஸ். என்று போட்டிருக்கிறதே, படிப்பா?

படிப்பில்லை, பரீட்சை. அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்று ஒரு கொல்லர் சங்கம், 1976இல் பில் மோரன் முன்னின்று தொடங்கியது. ஜே.எஸ். என்றால் ஜர்னிமேன் ஸ்மித், எம்.எஸ். என்றால் மாஸ்டர் ஸ்மித். பரீட்சைக்குக் கொண்டுவரும் கத்தியின் வெட்டுப்பகுதி 10 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அதை வைத்துத் தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். அடுத்து, இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். தீட்டாமல் அதே கூரால் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை வைஸ் என்ற இறுக்குப் பிடியில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள். உடைந்தால் போச்சு. ஒரே கத்திதான், நாலு சோதனைக்கும். கூர் கடினமாக இருந்தால்தான் முடி மழிக்கும், முதுகு மெத்தென்று இருந்தால்தான் வளையும். இரண்டையும் ஒரே இரும்பில் கொண்டுவருவதுதான் வித்தை.

நீடாமங்கலம் தம்பி: அண்ணே, நம்ம ஊர் ஆசாரி அடிக்கிற அரிவாள் அந்த மலரில் வருமா?

வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது தம்பி. இப்போது சொன்ன சோதனையை நினைத்துப் பார். தொங்கும் கயிற்றை அறுப்பது, தினமும் வாழைத்தாரும் தென்னை மட்டையும் வெட்டுகிற அரிவாளுக்குப் பெரிய காரியமா? நம் ஆசாரி வாய்ப்பக்கத்துக்கு மட்டும்தான் தோய்ச்சல் (சூடேற்றி முக்கிக் கடினமாக்குவது) கொடுக்கிறார், முதுகை விட்டுவிடுகிறார். மாஸ்டர் ஸ்மித் செய்வதும் அதேதான்.

இடிக்கிற இடம் வேறு. மலரில் எந்தப் படத்தை எடுத்தாலும் கீழே செய்தவர் பெயர் இருக்கும், எஃகின் பெயர் பெரும்பாலும் இருக்கும், பிடி என்ன மரம் என்று இருக்கும். நம் பட்டறையில் சிலர் இரண்டெழுத்து முத்திரை குத்துகிறார்கள், அதுவே அதிகம். என்ன இரும்பு, எவ்வளவு சூடு என்று கேட்டால் “நல்ல பட்டைதான், தைரியமா கொண்டு போங்க” என்பதோடு சரி. அவரும் என்ன செய்வார், இத்தனை காலம் யாரும் கேட்கவில்லை. சம்பா அறுப்புக்கு முன்னால் கருக்கரிவாளைக் கொண்டுபோய்க் கருக்கு (பல்) வெட்டி வாங்கின காலத்தில் ஊருக்கே ஆசாரியைத் தெரியும், முத்திரை எதற்கு? அறுவடை மெஷின் வந்து அந்த வேலையில் பாதி போய்விட்டது. இனி வெளியூர்க்காரன் வாங்கினால்தான் பட்டறை ஓடும். வெளியூர்க்காரனுக்கு ஆளைத் தெரியாதே. ஆகவே என் யோசனை இதுதான்: அரிவாளில் பெயரும் ஊரும் குத்தச் சொல், இரும்பு என்னவென்று ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல். மலரில் வருவது அப்புறம்.

திருத்துறைப்பூண்டி தம்பி: லாரி பட்டையில் கத்தி அடிக்க ஆசை. தோய்ச்சல் எப்படி?

லாரியின் வில் பட்டை நல்ல இரும்பு. கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வீடு கட்டுகிற டி.எம்.டி. கம்பியில் மட்டும் முயற்சி செய்யாதே, கார்பன் போதாது, கூர் நிற்காது. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், நன்றாகப் பார்த்துக்கொள்.

உருவம் அடித்து முடித்ததும் மறுபடி சூடேற்று. காந்தம் ஒட்டாமல் போகும் சூடு ஒன்று உண்டு, சுமார் 770 டிகிரி. அதற்கு இன்னும் கொஞ்சம் மேலே போய், கதகதப்பான எண்ணெயில் இறக்கு. தண்ணீரில் முக்கினால் இந்தப் பட்டை விரிசல் விடும் அபாயம் அதிகம். எண்ணெயிலிருந்து எடுத்ததும் அரம் வைத்துப் பார், வழுக்க வேண்டும். வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது, ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். பல பேர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கத்தி உடைந்ததும் இரும்பைத் திட்டுகிறார்கள். வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடு. பளபளப்பாகத் தேய்த்த இடத்தில் வைக்கோல் நிறம் வரும். கத்திக்கு அது போதும். நீலம் வரை போனால் ஸ்பிரிங்குக்கு ஆகும், கூருக்கு ஆகாது. கண்ணாடி, கையுறை இல்லாமல் உலைப்பக்கம் போகாதே. எண்ணெய் தீப்பிடித்தால் மூட ஒரு இரும்பு மூடியைப் பக்கத்திலேயே வை.

மன்னார்குடி வாசகர்: ஆன்லைனில் ‘டமாஸ்கஸ்’ கத்தி மலிவாக வருகிறது. வாங்கலாமா? அது நம்ம உருக்குதானே?

இரண்டும் வேறு. தமிழ்நாட்டில் மூசையில் (மண் குடுவையில்) உருக்கிச் செய்த பழைய உருக்கு, மேல்நாட்டார் ‘வூட்ஸ்’ என்று சொல்வது, ஒரே கட்டியாக வருவது. ஒன்றரை சதவீதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் கார்பன். உள்ளே இருக்கும் கார்பைடு வரிசையாகப் படிந்து தானாகக் கோலம் விழும். மலரில் இன்று டமாஸ்கஸ் என்று பார்ப்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, ஒட்ட அடித்து, மடித்து மடித்துச் செய்வது. 5 அடுக்கை 6 தடவை மடித்தால் 320 அடுக்கு. மாஸ்டர் ஸ்மித் சோதனைக்குக் குறைந்தது 300 கேட்கிறார்கள். மறந்து கிடந்த இந்த வேலையை 1973இல் ஒரு கண்காட்சியில் வைத்து அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் அதே பில் மோரன்.

மலிவு விலையில் வருவதில் சிலது வெறும் மேல்பூச்சுக் கோலம். ஒரு ஓரத்தைத் தேய்த்துவிட்டு ஃபெரிக் குளோரைடு என்ற அரிக்கும் கரைசலில் நனைத்துப் பாருங்கள். அசல் என்றால் கோலம் திரும்ப வரும். அசலாகவே இருந்தாலும் தோய்ச்சல் சரியில்லை என்றால் அது காகிதம் வெட்டத்தான்.

தஞ்சாவூர் வாசகர்: அரண்மனைக் கட்டாரி (குத்துவாள்) பற்றி அந்த மலர்களில் வந்திருக்கிறதா?

அந்த மலரின் நோக்கம் இன்று உயிரோடு வேலை செய்கிறவர்கள், பழம்பொருள் இல்லை. தஞ்சைக் கட்டாரி பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அரண்மனை ஆயுதசாலை 19ஆம் நூற்றாண்டில் கலைந்தபோது ஒரு பகுதி அங்கே போனது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் உண்டு. யாளி முகமும் கைக்கவசமுமாகப் பிடி நம்ம ஆள் வேலை, ஆனால் பலவற்றில் பொருத்திய அலகு (வெட்டும் பகுதி) ஐரோப்பாவிலிருந்து வந்தது. அந்தக் காலத்திலேயே ‘இம்போர்ட்டட்’ மோகம்!

வேதாரண்யம் வாசகர்: மலரில் மான் கொம்புப் பிடி அழகாக இருக்கிறது. கோடியக்கரைப் பக்கம் உதிர்ந்த கொம்பு கிடைத்தால் போடலாமா?

வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோடியக்கரை வெளிமானின் கொம்பு வைத்திருந்தாலே வழக்கு. கீழே கிடந்து எடுத்தேன் என்பது செல்லாது. எருமைக் கொம்பு போடுங்கள், கறுப்பாக மின்னும். இல்லையென்றால் பூவரசு, கருவேலம், பனையின் வைரம். 2018 கஜா புயலில் சாய்ந்த மரத்தை அறுத்து யாராவது கொட்டகையில் போட்டு வைத்திருந்தால் விடாதீர்கள், இத்தனை வருஷம் காய்ந்த கட்டை காசு கொடுத்தாலும் கிடைக்காது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே பித்தளைப் பூண் வேண்டுமானால் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

திருவாரூர் வாசகி: வாழைப்பூ நறுக்கினால் இரும்புக் கத்தி கறுத்துவிடுகிறது. அந்த மலரில் வருகிற சமையல் கத்தி வாங்கினால் தேவலையா?

ஸ்டெயின்லெஸ் வாங்கினால் கறுக்காது அம்மா. கார்பன் எஃகு என்றால் பல்லாயிரம் ரூபாய் கொடுத்தாலும் வாழைப்பூத் துவர்ப்பு பட்டுக் கறுக்கத்தான் செய்யும். அது துரு இல்லை, பயம் வேண்டாம். கழுவி உடனே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். கடலோரத்து உப்புக் காற்றில் இதை ஒரு நாள் விட்டாலும் தெரியும். மீனுக்கு என்னைக் கேட்டால் அருவாமனைதான். இரண்டு கையும் மீனைப் பிடிக்க, அதற்கு ஈடான மேல்நாட்டுக் கத்தியை நான் பார்த்ததில்லை.

பட்டுக்கோட்டை வாசகர்: மலரைப் பார்த்துப் பெரிய கத்தி செய்து வைத்துக்கொண்டால் போலீஸ் தொந்தரவு வருமா?

ஆயுதச் சட்ட விதிகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருக்கும் கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்ததற்கு விலக்கு உண்டு. அதனால் வயல் அரிவாளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வாள், குத்துவாள் மாதிரி உருவத்தில் செய்துவிட்டு “இளநீர் வெட்ட” என்றால் இன்ஸ்பெக்டர் சிரிப்பார், விடமாட்டார். ஆசைக்குச் செய்வதென்றால் 4 அங்குல அலகில் செய்யுங்கள். மலரில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பதும் அந்தச் சின்னக் கத்திகள்தான்.